ஷெபீல்ட் கத்தியும் அதைத் தீட்டியவர்களின் நெஞ்சும்

(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

தரம் 11 வரலாற்றில் கைத்தொழிற் புரட்சிப் பாடம் வரும்போது நாங்கள் வழமையாகச் சொல்லும் பெயர்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஜேம்ஸ் வாட், ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், ஸ்டீவன்சன். பரீட்சைக்கு வருவதும் அவைதான். யார் எதைக் கண்டுபிடித்தார் என்று கோடு போட்டு இணைத்துவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். இந்தப் பதிவு அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கூட்டத்தாரைப் பற்றியது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் கத்திக்குச் சரிவு தீட்டியவர்கள்.

முதலில் சரிவு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வீட்டிலுள்ள கத்தி ஒன்றை எடுத்து, அலகின் நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள். முதுகு தடிப்பாக இருக்கும். அங்கிருந்து வாய்ப் பக்கம் வர வர இரு புறமும் மெலிந்து, மரம் பிளக்கும் ஆப்பு மாதிரிக் குறுகும். சாய்ந்து இறங்கும் அந்த இரண்டு முகங்களும்தான் சரிவு. சரிவு அகலமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் கத்தி தக்காளியில் இறங்கும், ஆனால் எலும்பில் பட்டால் வாய் உடையும். சரிவு குறுகலாகவும் தடிப்பாகவும் இருந்தால் எலும்பைத் தாங்கும், ஆனால் மரக்கறி வெட்ட உதவாது. கொல்லன் அடித்துக் கொடுப்பது கத்தியின் உருவத்தை. அது எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிப்பது கல்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் கத்தி சாணை பிடிப்பதைக் காணாத வீடு நம்மில் இருக்காது. ஆனால் அது வேறு வேலை. ஏற்கெனவே உள்ள சரிவின் ஓரத்தை மட்டும் கூராக்குவது அது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் தடவை சரிவை உண்டாக்குவது என்றால் அலகின் இரண்டு பக்கமும் இரும்பை உரசி உரசிக் கழிக்க வேண்டும். உரசப்படுவது இரும்பு மட்டுமல்ல. கல்லும் தேய்கிறது. அந்த இரண்டு தூளும் எங்கே போயின என்பதுதான் இங்கே சொல்லப்போகும் விடயம்.

நம் நாட்டிலேயே உருக்கின் வரலாறு இருக்க, எதற்கு ஷெபீல்ட் வரை போக வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றின் பலத்தில் இயங்கிய பழைய இரும்பு உலைகளைக் கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்து, 1996ஆம் ஆண்டு நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். பெருமைப்பட வேண்டிய செய்திகள்தான். ஆனால் அங்கே நமக்குக் கிடைப்பது உருக்கின் கதை. அந்த உருக்கை யார் தீட்டினார், தீட்டியவருக்கு என்ன நடந்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. ஷெபீல்டில் எழுதி வைத்தார்கள். அதனால்தான் அங்கே போகிறோம்.

ஷெபீல்ட் கத்திக்குப் பேர் போனது நேற்று இன்று அல்ல. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் எழுதிய கேன்டர்பரிக் கதைகளில் வரும் ஒரு மாவாலைக்காரன் தன் காலுறையில் ஷெபீல்ட் கத்தி ஒன்றைச் செருகி வைத்திருக்கிறான். 1624ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கே கத்தி செய்வோருக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், தன் கடிகார வில்லுக்கு நல்ல உருக்கு கிடைக்காத சலிப்பில், மண் குகையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஷெபீல்டை யாராலும் பிடிக்க முடியவில்லை.

இயற்கையும் அந்த ஊருக்குக் கைகொடுத்தது. டொன், ஷீஃப், போர்ட்டர், ரிவ்லின், லொக்ஸ்லி என்று ஐந்து ஆறுகள் மேட்டு நிலங்களிலிருந்து சரிந்து வந்து அங்கே கூடுகின்றன. பெரிய ஆறுகள் அல்ல. நம் மகாவலியோடு ஒப்பிட்டால் ஓடை என்றுதான் சொல்வோம். ஆனால் சரிவு அதிகம், அதனால் வேகமும் அதிகம். அணை கட்டி நீர்ச்சக்கரம் வைத்தால் கல் சுழலும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நீர்ச்சக்கரங்கள் இருந்தன. சாணைக்கல்லுக்கும் தூரம் போகத் தேவையில்லை. அருகே விக்கர்ஸ்லி என்ற இடத்தில் வெட்டிய மணற்கல் அதற்கென்றே பேர் பெற்றது. மணற்கல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தீட்டுபவர் எப்படி வேலை செய்தார்? மரத்தால் செய்த குதிரைச் சேணம் போன்ற ஒரு ஆசனத்தில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவார். முன்னால் ஒரு தொட்டி, அதற்குள் பாதி இறங்கியபடி சுழலும் கல். மேசைக் கத்திக்கென்றால் கல் ஓர் ஆளின் இடுப்புயரம் வரும். முழங்கையை முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, அலகைக் கல்லின் மேல் அழுத்திப் பிடிப்பார். கோணத்தைக் காட்ட எந்தக் கருவியும் கிடையாது. கையும் கண்ணும் காதும்தான். ஒரு பக்கம் நான்கு இழுப்பு என்றால் மறுபக்கமும் நான்கு. ஒரு பக்கம் கூடினால் வாய் நடுவிலிருந்து விலகிவிடும், அலகு வளைந்துவிடும்.

கல் பெரிதாக இருந்தால் சரிவு கிட்டத்தட்டத் தட்டையாக வரும். கல் சிறிதாக ஆக, கல்லின் வளைவு அலகில் பதிந்து சரிவு உட்குழிந்து வரும். பழைய சவரக் கத்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழிவு தெரியும். தாடி மழிக்கும் அளவு மெல்லிய வாய் அப்படித்தான் கிடைத்தது. கல் சிறுத்தால் வேலை முகத்துக்கு இன்னும் அருகில் வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் சூடு. தீட்டும்போது அலகு சூடாகும். வாய் மெலிய மெலியச் சூடு போக இடமில்லாமல் அங்கேயே தங்கும். வைக்கோல் நிறம் வந்து, பிறகு நீலம் வந்துவிட்டால் கொல்லன் ஏற்றிய பதம் போய்விட்டது என்று அர்த்தம். பார்வைக்கு நல்ல கத்தி, ஆனால் கூர் நிற்காது. அதற்காகத்தான் தொட்டியில் தண்ணீர். இப்போது யூடியூபில் கத்தி செய்து காட்டுபவர்களைப் பாருங்கள். பட்டி சுழலும் இயந்திரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உடனே பக்கத்து வாளித் தண்ணீரில் அலகை முக்குவார்கள். காரணம் அதேதான்.

கல்லில் தீட்டி முடிந்ததும் தோல் போர்த்திய மரச் சக்கரத்தில் குருந்தப் பொடி பூசி மெருகிடுவார்கள். பிறகு பளபளப்பாக்குவது. அந்தக் கடைசி வேலை பிற்காலத்தில் பெரும்பாலும் பெண்களிடம் போனது. உடம்பில் பழுப்புக் கடதாசியைச் சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு அவர்கள் வேலை செய்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

தொட்டியின் அடியில் மஞ்சள் நிறச் சேறு படியும். கல் தூளும் இரும்புத் தூளும் கலந்த சேறு. தீட்டுபவரின் உடுப்பெல்லாம் அதுதான். அதனால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிற்றுக்காரர்’ என்று பட்டப்பெயர். அந்தச் சேற்றையும் வீணாக்கவில்லை. உருக்கு உலையில் இரும்புப் பாளங்களை அடுக்கிய பெட்டிகளின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தினார்கள். வெந்து கரிய கட்டியானதும் எடுத்து மதில்களின் உச்சியில் பதித்தார்கள். நாம் மதிலில் போத்தல் ஓடு பதிப்பது போல. ஷெபீல்டின் சில பழைய மதில்களில் இன்னும் அது இருக்கிறது.

ஆற்றங்கரையில் வேலை நடந்த காலத்தில் வாழ்க்கை ஓரளவு தாங்கக்கூடியதாக இருந்தது. ஆற்றில் நீர் வற்றினால் கல் நிற்கும். பனி உறைந்தாலும் நிற்கும். பலருக்குக் கொஞ்சம் காணியும் இருந்தது, இடையில் விவசாயம் பார்த்தார்கள். பட்டறைகள் காற்றோட்டமானவை. ஒரே ஆள் அடிப்பதும் தீட்டுவதும் பிடி போடுவதுமாகப் பல வேலைகள் செய்தார்.

1786இல் ஷெபீல்டில் நீராவியால் இயங்கும் தீட்டும் பட்டறை வந்தது. நாங்கள் வகுப்பில் முன்னேற்றம் என்று எழுதிக் கொடுக்கும் அதே நீராவி இயந்திரம். அதற்கு வறட்சியும் கிடையாது, பனியும் கிடையாது. பட்டறை ஆற்றங்கரையை விட்டு நகரத்துக்குள் வந்தது. மாடிக்கு மேல் மாடி, அறைக்கு அறை கற்கள். ஒருவர் வருடம் முழுவதும் ஒரே வேலை. சவரக் கத்தி தீட்டுபவர் சவரக் கத்தி மட்டும், கத்தரிக்கோல் தீட்டுபவர் கத்தரிக்கோல் மட்டும், முள்ளுக்கரண்டி தீட்டுபவர் முள்ளுக்கரண்டி மட்டும்.

முள்ளுக்கரண்டியை ஈரக் கல்லில் தீட்டவில்லை, உலர்ந்த கல்லில் தீட்டினார்கள். ஊசி முனையும் அப்படித்தான். சவரக் கத்தி பாதி உலர், பாதி ஈரம். மேசைக் கத்தி பெரும்பாலும் ஈரம். இந்த வித்தியாசம் ஒரு தொழில் நுணுக்கமாகத் தெரியலாம். யார் எத்தனை வயதில் இறப்பார் என்பதை அதுவே முடிவு செய்தது.

ஆர்னல்ட் நைட் என்ற ஷெபீல்ட் வைத்தியர் இதைக் கணக்கெடுத்தார். அவர் கணக்கில் நகரில் தீட்டும் தொழிலாளர் ஏறத்தாழ 2,500 பேர். அதில் முள்ளுக்கரண்டி தீட்டுவோர் 150 பேர், 80 ஆண்களும் 70 சிறுவர்களும். இவர்கள் 28க்கும் 32க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தார்கள். சவரக் கத்தி தீட்டுவோர் 40க்கும் 45க்கும் இடையில். ஈரக் கல்லில் மேசைக் கத்தி தீட்டுவோர் 40க்கும் 50க்கும் இடையில்.

அந்த 70 சிறுவர்களின் எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்கள். நமது வகுப்பறையில் எட்டாம், ஒன்பதாம் தரத்தில் இருக்க வேண்டிய வயது. பதினான்கு வயதில் கல்லின் முன் உட்கார்ந்தால் இருபது வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு படியேறும்போது மூச்சு வாங்கும். தோள்கள் உயர்ந்து நிற்கும். இருமலில் கறுப்பாக வரும். இழுப்பு, மெலிவு, இரவு வியர்வை, படுத்தால் மூச்சு முட்டல். ஊரார் அதற்கு ‘தீட்டுவோர் ஆஸ்துமா’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு வைத்தியர் கால்வர்ட் ஹொலண்ட் 1840களில் இதைவிடத் துல்லியமாக ஓர் ஒப்பீடு செய்தார். இருபது வயதைக் கடந்து இறந்தவர்களில் ஆயிரம் பேரை எடுத்தால், இங்கிலாந்து முழுவதிலும் 20 முதல் 29 வயதுக்குள் இறந்தவர்கள் 160 பேர். முள்ளுக்கரண்டி தீட்டுவோரில் 475 பேர். அடுத்த பத்து வயதில் நாடு முழுவதற்கும் 136, இவர்களுக்கு 410. ஐம்பதைத் தாண்டியவர் ஆயிரத்தில் ஒருவரும் இல்லை.

நைட் சொன்ன ஒன்றை எங்கெல்ஸ் 1845இல் வெளிவந்த தன் நூலில் எடுத்துக் காட்டுகிறார். இந்தத் தொழில் எவ்வளவு கொடியது என்பதை விளக்க நைட்டுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்ததாம். தீட்டுவோரில் மிக மோசமான குடிகாரர்களே அதிக நாள் உயிரோடிருந்தார்கள், ஏனென்றால் அவர்கள்தான் அடிக்கடி வேலைக்கு வராமல் நின்றார்கள் என்பதே அது. மதுவின் கெடுதியைப் பற்றிப் பேசி வளர்ந்த நமக்கு இதை வாசிக்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. குடிப்பவனின் ஈரலைவிட ஒழுங்காக வேலைக்கு வருபவனின் நுரையீரல் முந்திக்கொண்டு அழிந்த ஊர் அது.

இனி வருபவர் நமது இனத்தவர். ஜோன் ஹென்றி ஆபிரகாம், ஷெபீல்டில் பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர். 1820களின் தொடக்கத்தில், ஊசி முனை தீட்டுவோரையும் உலர் கல்லில் வேலை செய்வோரையும் மனதில் வைத்து ஒரு கருவி செய்தார். யோசனை மிக எளிது. பறப்பது இரும்புத் தூள். இரும்பைக் காந்தம் பிடிக்கும். ஆகவே கல்லைச் சுற்றிக் காந்தங்கள், தொழிலாளியின் வாய்க்கும் கழுத்துக்கும் அருகே இன்னும் சில காந்தங்கள். வேலை முடிந்து பார்த்தால் காந்தம் முழுக்க இரும்புத் தூள் மயிர் போல ஒட்டியிருக்கும். லண்டனிலிருந்த கலைச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

கருவி பரவவில்லை. எங்கெல்ஸ் சொல்வதன்படி, தொழிலாளர்களே இப்படிப்பட்ட பாதுகாப்புக் கருவிகளை எதிர்த்தார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். ஆயுள் கூடினால் தொழிலுக்கு ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும் என்பது அவர்கள் கணக்கு. குறைந்த நாள் வாழ்ந்தாலும் சந்தோசமாக வாழ்ந்துவிட்டுப் போவோம் என்றார்களாம்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ‘மடையன்கள் சேர்’ என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் போகாத ஆயுளுக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடிய கூலி. அந்தக் கூலியைத் தாங்கிப் பிடித்திருந்தது ஆள் பற்றாக்குறை. ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் மரணம். கருவியைப் பொருத்துபவர் கூலி குறையாது என்று எழுதிக் கொடுக்கவில்லையே. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஷெபீல்டில் தீட்டுபவர் பெரும்பாலும் ஒரு முதலாளியின் நிரந்தரத் தொழிலாளி அல்ல. கட்டடம் ஒருவருடையது. அதிலே ஒரு தொட்டியையும் கல்லுக்குரிய சுழற்சியையும் வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, கத்திக் கம்பனிகள் தரும் அலகுகளை எண்ணிக்கைக்குத் தீட்டிக் கொடுப்பார். காந்தமோ காற்றாடியோ யார் வாங்குவது? கட்டடக்காரர் ‘என் ஆட்கள் இல்லை’ என்பார். கம்பனி ‘என் பட்டறை இல்லை’ என்னும். மிஞ்சுவது தீட்டுபவரின் சட்டைப் பை. ஜோசப் ரொஜர்ஸ் போன்ற பெரிய கம்பனிகளின் முத்திரை உலகமெங்கும் போனது. அலகைத் தீட்டியவரின் பெயர் அதில் எங்கும் இருக்கவில்லை, பொறுப்பும் அப்படித்தான் எங்கும் இல்லாமல் போனது.

ஆபிரகாமின் கருவியில் இன்னொரு விடயமும் இருந்தது. அது யாருக்கும் அப்போது தெரியவில்லை. காந்தம் இரும்பைப் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. உண்மையில் நெஞ்சைக் கொன்றது இரும்புத் தூள் அல்ல, மணற்கல்லின் தூள். மணற்கல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலின் அடிப் பைகள் வரை போகும். அதை விழுங்கித் துப்புரவாக்க வரும் உடலின் அணுக்கள் அதனாலேயே செத்துப் போகும். அந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு மேல் தழும்பு சேர்ந்து நுரையீரல் இறுகிவிடும். பிறகு தொழிலை விட்டாலும் அது திரும்பாது. காச நோயும் அந்த நெஞ்சில் இலகுவாகக் குடியேறும். இன்று இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். எட்கார் கொலிஸ் என்ற வைத்தியர் 1915இல் தன் விரிவுரைகளில், எல்லாத் தூசியும் ஒன்றல்ல, சிலிக்காத் தூசிக்கே இந்தக் குணம் என்று தொழில் தொழிலாக எடுத்து நிறுவினார். ஆபிரகாமின் பதக்கத்துக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடங்களுக்குப் பிறகு.

ஈரக் கல்லில் வேலை செய்தவர்களும் தப்பாததற்கு ஒரு காரணம் உண்டு. கல் தேயும்போது எல்லா இடமும் சமமாகத் தேயாது, மேடு பள்ளமாகும். அப்படியே விட்டால் அலகில் சரிவு அலையலையாக வரும். ஆகவே கல்லைச் சுழலவிட்டு, உருக்குக் கம்பியொன்றை வைத்து அதன் முகத்தைச் சீவிச் சமப்படுத்துவார்கள். இது உலர்வாகச் செய்யும் வேலை. அறை முழுவதும் கல் தூள் மேகமாக நிற்கும். அந்த அறையில் இருக்கும் எல்லோரும் அதைச் சுவாசிப்பார்கள், தன் கல்லைச் சீவாதவர்களும்கூட.

இது தவிரக் கல் வெடிக்கும். சுழலும் வேகத்தில் உள்ளே ஒரு கீறல் இருந்தால் போதும், கல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி கூரையைத் துளைத்துப் போகும், மறு பாதி முன்னால் உட்கார்ந்திருப்பவர் மேல் பாயும். அச்சில் கல்லை மர ஆப்பு அடித்து இறுக்கிய காலத்தில் இந்த ஆபத்து அதிகம். பின்னர் இரு பக்கமும் இரும்புத் தட்டு வைத்து இறுக்கினார்கள்.

இப்படிப்பட்ட தொழிலில் சங்கங்களும் மென்மையாக இருக்கவில்லை. சந்தா கட்டாதவனின் கல்லைச் சுழற்றும் பட்டியை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போவார்கள். ‘மேரி ஆன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வரும். சந்தாவைக் கட்டினால் பட்டி திரும்பி வரும். அது எல்லை மீறி, 1859இல் ஒருவர் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். 1866 ஒக்டோபரில் சங்கத்தை விட்டு விலகிய வாள் (மரம் அறுக்கும் வாள்) தீட்டுபவர் ஒருவரின் வீட்டுக்குள் வெடிமருந்து வெடித்தது. அடுத்த வருடம் விசாரணைக் குழு ஷெபீல்டில் கூடியது. உண்மை சொன்னால் தண்டனை இல்லை என்ற உத்தரவாதத்தின் மேல், வாள் தீட்டுவோர் சங்கச் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட் தானே பணம் கொடுத்து ஆள் ஏவியதை ஒப்புக்கொண்டார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொதித்தன. ஒரு உயிரைக் கொன்றதை நாம் எந்த வகையிலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு வெடிக்காக அவ்வளவு மையைச் செலவழித்தவர்கள், முப்பது வயதில் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காக அதில் பாதியைக்கூடச் செலவழிக்கவில்லை.

தீர்வு எப்படி வந்தது? அதிலும் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கல்லுக்குப் பின்னால் ஒரு கூண்டு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் தூசியை வெளியே இழுத்துத் தள்ளும் ஒரு காற்றாடி. கல்லைச் சுழற்றும் அதே இயந்திரமே காற்றாடியையும் சுழற்றும். ஹொலண்ட் காலத்திலேயே தெரிந்த வழி இது. 1867ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்தான் முதலில், தூசி சுவாசிக்கப்படும் தீட்டும் பட்டறைகளில் காற்றாடி வைக்கும்படி உத்தரவிடப் பரிசோதகருக்கு அதிகாரம் கொடுத்தது. அதற்குப் பிறகும் சின்னப் பட்டறைகளில் இழுபறிதான். கத்தி தீட்டும் தொழிலுக்கென்றே தனி ஒழுங்குவிதிகள் வந்தது 1925இல்.

அதற்குள் கல்லே மாறத் தொடங்கியிருந்தது. 1890களில் அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கன் காபைட்டை மின் உலையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார். மணற்கல்லின் இடத்தில் செயற்கைச் சாணைச் சக்கரங்கள் மெல்ல மெல்ல உட்கார்ந்தன. அவை குவார்ட்ஸால் ஆனவை அல்ல. ஆகவே ஷெபீல்டில் அந்தப் பழைய நோய் அடங்கியதில் சட்டத்துக்கு ஒரு பங்கு, மலிவான புதுச் சக்கரத்துக்கு ஒரு பங்கு. எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். நாம் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்போம். ஏனென்றால் யார் செலவழிப்பது என்ற கேள்விக்குச் சட்டம் மட்டுமே பதில் சொன்னது.

(இடையில் ஒரு செய்தி. துருப்பிடிக்காத உருக்கை 1913இல் அதே ஷெபீல்டில் உருவாக்கியவர் ஹரி பிரியர்லி. முதலில் அதில் கத்தி செய்து பார்த்தபோது அடிக்கவும் தீட்டவும் கஷ்டப்பட்ட கத்திக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். இன்று நமது குசினியில் இருப்பது பெரும்பாலும் அவருடைய உருக்கின் வழிவந்ததுதான்.)

போர்ட்டர் ஆற்றங்கரையில் ஷெப்பர்ட் வீல் என்ற நீர்ச்சக்கரப் பட்டறை ஒன்று இன்றும் இருக்கிறது. 1584இலேயே பதிவில் வரும் இடம். 1930 வரை அங்கே கத்தி தீட்டினார்கள். இப்போது அரும்பொருட்காட்சிச் சாலை. மரச் சேண ஆசனங்கள், தொட்டிகள், கற்கள் எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் அந்தப் பக்கம் போனால் ஒருமுறை பாருங்கள்.

இது முடிந்துபோன இங்கிலாந்துக் கதை என்று நினைக்க வேண்டாம். குஜராத்தின் கம்பாத்தில் அகீக் கல் தீட்டுகிறார்கள். நம் கைகளில் மோதிரமாகவும் தஸ்பீஹ் மணியாகவும் வருகின்ற அதே அகீக். அகீக் என்பதும் சிலிக்காதான். வீட்டு முற்றத்தில் மின்சாரச் சக்கரத்தில் கல்லை உலர்வாகப் பிடித்து உருட்டும் அந்தத் தொழிலாளர்களிடையே சிலிகோசிஸ் இருப்பதை அஹமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. அவர்களும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்கள். அவர்களுடைய வியாபாரிக்கும் அது ‘என் பட்டறை இல்லை’. அவுஸ்திரேலியாவில் குசினி மேசைக்கு வெட்டும் செயற்கைக் கல்லின் தூசியால் இளம் தொழிலாளர்கள் இதே நோயில் விழுந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

நமது ஊர்களில் புது வீடு கட்டும் இடங்களில் கவனித்திருப்பீர்கள். டைல்ஸ் ஒட்டும் பாஸ்மார் கிரைண்டரால் டைல்ஸையும் கருங்கல் பலகையையும் வெட்டும்போது வெள்ளைப் புகை மாதிரி எழும். அது புகை அல்ல, கல் தூள், அதிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. முகத்தில் ஒரு கைலேஞ்சியைக் கட்டியிருப்பார்கள். துணி அந்த நுண் துகளைத் தடுக்காது, என்95 போன்ற முகமூடியே ஓரளவு தடுக்கும். பக்கத்தில் கைக்கு உதவியாக நிற்கும் பொடியனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். நம்மிடம் படித்துவிட்டுப் போனவனாகவும் இருப்பான். சில பாஸ்மார் மட்டும், போத்தல் மூடியில் ஓட்டை போட்டு, வெட்டும் இடத்தில் அந்தப் பொடியனைக் கொண்டு தண்ணீர் விடச் செய்கிறார்கள். மின்சாரக் கிரைண்டரில் அப்படித் தண்ணீர் ஊற்றுவது வேறு ஆபத்து. தண்ணீர்க் குழாய் பொருத்திய டைல்ஸ் வெட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, அதன் நாள் வாடகையை வீட்டுக்காரரே கொடுக்கலாம். நைட்டின் கணக்கில் உலர் கல்லுக்கும் ஈரக் கல்லுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் பத்து வருடத்துக்கும் மேற்பட்ட ஆயுள்.